ஒரு வரி கீழே

பதிவேட்டைப் பாதியில் பிரித்து, மூக்கை உள்ளே நுழைத்து ஒரு மூச்சு இழுக்கிறார் கிளார்க்கம்மா. ஈரவாடை இல்லை. அடுத்ததை எடுக்கிறார். காலையில் வந்ததும் நூற்றுப் பதினொரு பதிவேடுகளுக்கும் இந்த மரியாதை உண்டு. ஒருநாள் மழையில் நனைந்து வந்த என்னை வாசலிலேயே மறித்துவிட்டார். "தலை காயிற வரைக்கும் உள்ள காலடி வைக்காதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி அது. நூறு வயது ஆகப்போகிறது. நானும் அங்கே படித்தவள் என்பதால், நூற்றாண்டு மலருக்குப் பள்ளியின் வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வரலாறு மொத்தமும் இருப்பது சிற்றாலயத்துக்குப் பின்னால், பழைய தையல் வகுப்பறையில். முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் எழுதித் தேய்ந்து ஓய்வுபெற்ற பிறகும், சம்பளமில்லாமல் அதற்குக் காவல் இருக்கிறார் இவர்.

எதற்கெடுத்தாலும் பயம். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் பூஞ்சை. பூட்டிவிட்டுப் படியிறங்கியவர் திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய் மறுபடியும் வருவார். அங்கிருக்கும் மாதா சுருபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த பள்ளித் தலைவி மதரையே தடுத்திருக்கிறார். "மன்னிச்சுக்கோங்க மதர், இந்த ரூம்ல மாதாவுக்கும் பல்புதான்." மதர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம்.

போன மாதம் அந்தப் பயம் வேறு மாதிரி ஆனது. பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பழைய மாணவிகள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்றப்போவதாக மதர் சொன்னார். நான் கைதட்டினேன். கிளார்க்கம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மதர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பதிவேட்டை என் முன் வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவர் எழுதியது. அடுத்தடுத்த இரண்டு பெயர்கள், ஒரே வாரத்தில் விலகியவர்கள். விலகிய காரணம் எழுதும் கடைசிக் கட்டத்தில், வரி மாறாமல் இருக்க வைத்த ஸ்கேலே நழுவியிருக்கிறது. திருடியதற்காக நீக்கப்பட்டவளின் காரணம், அப்பாவுக்கு வேலை மாற்றலாகிப் போன கீழ்வரிப் பெண்ணின் பெயருக்கு நேராக விழுந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழை அப்போதைய மதர் தன் கையாலேயே சரியாக எழுதிக் கொடுத்ததால் வெளியே தெரியவில்லை. பதிவேட்டில் அடித்துத் திருத்த வேண்டுமானால் மதரின் கையெழுத்து வேண்டும். அந்த மதரின் செருப்புச் சத்தத்துக்கே ஆபீஸ் நடுங்குமாம்.

"வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப அந்தக் கையெழுத்துக்கு நான் எங்கம்மா போவேன்? ஊர் பார்க்கிற மாதிரி அந்தப் பொண்ணைத் திருடியாக்கிட்டேனே!"

இப்போதைய மதரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சரியென்று தலையை ஆட்டினார், ஆனால் போய்ச் சொல்லவில்லை.

ஸ்கேன் ஆட்கள் வருவதற்கு முதல் நாள், தலை நரைத்த ஒரு பெண்மணி மகளோடு வந்து நின்று தன் பெயரைச் சொன்னார். கிளார்க்கம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கீழ்வரிப் பெயர்.

"அப்பாவுக்கு மாத்தலாகி, நடு வருஷத்துல அழுதுகிட்டே போனேங்க. ஒரு போட்டோகூட இல்லை. நான் இங்க படிச்சதுக்கு அந்த ரிஜிஸ்டர்தான் சாட்சி. என் பொண்ணுக்குக் காட்டணும்."

"அந்தப் பக்கத்தை... பூச்சி தின்னுடுச்சுங்க."

பூச்சியாம்! ஒரு மூலையைக்கூடப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்காத மனுஷி! நான் தரையைப் பார்த்தேன். "பரவாயில்லைங்க, விடுங்க" என்று அந்தப் பெண்மணி மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வாசல்வரை போய்விட்டார்கள்.

"இருங்க." கிளார்க்கம்மாதான் கூப்பிட்டார். "பொய் சொல்லிட்டேன். பக்கம் அப்படியே இருக்கு. நான்தான் அதுல உங்களுக்கு ஒரு பாவம் பண்ணி வெச்சிருக்கேன்."

பதிவேட்டைப் பிரித்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். கிளார்க்கம்மாவின் வலது கை கடைசிக் கட்டத்தை மூடியிருந்தது. பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் பெயரைப் படித்தார். பிறந்த தேதியைப் படித்தார். அப்பாவின் பெயரை மகளுக்குத் தொட்டுக் காட்டினார். பிறகு அந்தக் கைக்கு வந்தார்.

"கையை எடுங்களேன்."

கிளார்க்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தார்.