சிறுமலையை அச்செடுக்க வந்தவர்

காலை ரயிலில் கொடைரோட்டில் இறங்கியவர்கள் எல்லோரும் கொடைக்கானல் வண்டிகளைத் தேடி ஓட, நானும் ஐனோவும் மட்டும் திண்டுக்கல் பேருந்தில் ஏறினோம். ஐனோ பின்லாந்தில் ஓவிய ஆசிரியை. ஜப்பானிய முறையில் மரப்பலகையில் செதுக்கி அச்செடுப்பவர். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அதைக் கற்றுக்கொடுக்க வந்திருந்தார். நான் மொழிபெயர்க்கப் போனவன். வழி நெடுக அவர் வாயே திறக்கவில்லை. கோபமோ என்று நினைத்தேன். அவர்கள் ஊர் வழக்கமே அப்படித்தானாம்.

பள்ளியின் ஓவிய ஆசிரியை ரெஜினா டீச்சர் வீட்டில் தங்கினோம். அவர் கணவர் சேசுராஜுக்கு முருங்கைத் தோட்டம். விருந்தாளி 'போதும்' என்றால் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கிற மனிதர்.

இந்த அச்சுக்கு எண்ணெய் மை கிடையாது. தண்ணீரில் கரைத்த வண்ணமும் அரிசிப் பசையும்தான். கடைசி நிறம் ஏறும்வரை தாள் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும், அடுத்த நிறம் கோட்டுக்குள் உட்காராது. பள்ளியிலிருந்து தெரியும் சிறுமலையை ஐனோ பலகையில் செதுக்கியிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தார். ஜப்பானியத் தாளும் அந்த எண்ணிக்கைக்குத்தான் இருந்தது. ஒருநாள் காலை வீட்டில் கறுப்புக் கோடுகளை மட்டும் அச்சடித்து, தாள்களை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, ரெஜினா டீச்சரோடு மூவரும் காந்திகிராமம் வரை போனோம்.

மதியம் திரும்பியபோது தாள்கள் மொட்டைமாடியில் கிடந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். அப்பளமாக விறைத்திருந்தன.

"மேடம் பேப்பரெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு சார். காய வச்சிட்டேன்" என்றார் சேசுராஜ், முகம் நிறையச் சிரிப்போடு.

நான் மொழிபெயர்த்தேன். ஐனோ தாள்களைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லச் சொன்னார். சொன்னேன். ரெஜினா டீச்சர் கணவரை அடுக்களைக்குள் அழைத்துப் போனார். வெளியே வந்த சேசுராஜ் அதன்பின் ஐனோவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஐனோ தாள்களை மறுபடி நனைத்து அடுக்கி, மறுநாள் காலையில் பச்சையும் மஞ்சளும் ஏற்றினார். ஒரு படத்திலும் பச்சை கோட்டுக்குள் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குக் குறையே தெரியவில்லை. யார் மலை பெரிது என்று அடித்துக்கொண்டார்கள். திருத்தமாக வந்த அச்சில் மட்டும் போடும் கையெழுத்தை ஐனோ ஒன்றில்கூடப் போடவில்லை.

அன்று மாலை கொடைரோடு நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வந்த சேசுராஜ் என்னிடம் சொன்னார்: "ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் சார். ஒண்ணுமே சொல்லாமப் போறாங்களே."

எனக்கும் அதுதான் உறுத்தியது. எங்கள் வீடுகளில் திட்டித் தீர்த்த பிறகுதான் சாப்பிடக் கூப்பிடுவோம். ஐனோவிடம் சொன்னேன். அவர் ஊரில் பேசாமல் இருப்பதுதான் மன்னிப்பாம். யோசித்துவிட்டு, என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று கேட்டார். வழியனுப்ப வந்திருந்த ரெஜினா டீச்சர் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். ஐனோ இருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, சேசுராஜுக்கு எதிரே போய் நின்றார்.

"இம்புட்டுப் பேப்பரையும் கெடுத்துட்டீங்களே."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. இரண்டு நாளாக அவர் அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஆமா மேடம். கெடுத்துட்டேன்" என்றார் சேசுராஜ். பிறகு, அந்த மதியத்துக்கு அப்புறம் முதல்முறையாக ஐனோவின் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாரா என்று கேட்டார்.