சொல்லாமல் வந்த வீடு

முருகன் அடியார்களுக்கு வணக்கம். போன மார்கழியில் என் நண்பன் லமின் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டான். வேலைக்குப் போகவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. "வராதே, களைச்சுப் போனன்" என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினான். ஒஸ்லோ நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் அவன் வாசலில் நின்றால் உள்ளே அவன் நடக்கும் சத்தம் கேட்கும். கதவு திறக்காது. ஒருநாள் அந்தச் சத்தமும் கேட்காமல் போய்விடுமோ என்று நடுங்கினேன்.

லமின் கறுப்பினத்தவன். ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்த தகப்பனுக்கு ஒஸ்லோவில் பிறந்தவன். ரொம்சோஸ் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. என் அப்பாவும் அம்மாவும் இலங்கைச் சண்டைக்குள் பள்ளிக்கூடம் காணாதவர்கள். எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவன் லமின்தான். இன்று நான் பொறியியல் படிப்பதில் அவனுக்கும் பங்கு உண்டு.

இருவரும் கடைக்குப் போனால் காவலாளி அவன் பின்னால்தான் வருவார். நித்திரை வருவதில்லை என்று மருத்துவரிடம் போனான். இவ்வளவு பலமான உடம்புக்கு என்ன குறை என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. "உந்தக் கறுவலோடை என்ன சிநேகிதம்?" என்று என் அம்மாவே கேட்டவர்.

நீ அழுவதே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். நாங்கள் பேசுவது நோர்வேஜிய மொழியில். எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நான் கோவிச்சாலும் மெற்றோவிலை சனம் எழும்பித் தள்ளி இருக்கும். அழுதாலும் தள்ளித்தான் இருக்கும். பிறகென்ன?" என்று சிரித்தான்.

அந்த மார்கழிக்கு முந்தின ஐப்பசியில் அவன் தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் இருந்தேன். பிறகு பேசாமல் எழும்பி வந்தேன். செத்தவீட்டில் விடைபெறும்போது நாங்கள் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்வதில்லை. சொன்னால், இன்னொரு சாவுக்கு வருவோம் என்பது போலாகிவிடும். சொல்லாமல் வருவதுதான் மரியாதை. அதன்பிறகுதான் அவன் மெல்ல மெல்ல ஒதுங்கினான். துக்கம்தானே, தானாக ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

பொலிஸைக் கூப்பிடவும் பயம். அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போகிறவர்கள் உள்ளே நிற்பவனை எப்படிப் பார்ப்பார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். லமின், நட்சத்திரம் தெரியாது என்றேன். ஐயர் ஒரு கணம் பார்த்தார்.

"பரவாயில்லைத் தம்பி. முருகன்ரை விசாகத்திலையே செய்வம்."

முருகா, அவன் கதவைத் திறக்க ஒரு வழி காட்டு என்று மட்டும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு, சின்ன வயதுப் பழக்கமாக, "போட்டு வாறன் முருகா" என்றேன். சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கும் போகாத முருகனுக்குச் சொல்கிறேன். தனித்துப் போன லமினுக்குச் சொல்லவில்லையே.

நேராக வெஸ்ட்லிக்குப் போனேன். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்.

"லமின், அண்டைக்கு நான் சொல்லாமல் வந்தது எங்கடை வழக்கம். செத்தவீட்டிலை வாறன் எண்டு சொல்லக்கூடாது. உன்னை விட்டுட்டுப் போகேல்லை."

உள்ளே காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது. பிறகு கதவுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நீயும் எழும்பித் தள்ளி இருந்திட்டாய் எண்டு நினைச்சனான்."

கதவு திறந்தது. அவன் அழுததை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். நான் தள்ளி இருக்கவில்லை. உயிரோடு இருக்க விருப்பமில்லாமல் இருந்ததாகச் சொன்னான். அப்போதே அவனை அவசர மருத்துவத்துக்குக் கூட்டிப்போனேன். பலமான உடம்பு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டார்கள்.

எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்னமும் அவனுக்கு இருண்ட நாட்கள் வருகின்றன. மருத்துவம் தொடர்கிறது. அவனைப் போன்ற ஆண்கள் சிலர் ஞாயிறுகளில் கூடிக் கதைக்கிறார்கள், அங்கும் போகிறான். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அன்று அவனுக்கும் சேர்த்து இடியப்பம் அவித்தார்.

அடியார்களே, உங்கள் கட்டடத்திலும் ஒரு லமின் இருப்பான். பலசாலி, அவனுக்கு ஒன்றுமில்லை என்று கடந்து போவீர்கள். அவனுக்காகக் கும்பிடுங்கள். முருகன் கேட்பான். கும்பிட்டு முடிந்ததும் எழும்பி அவன் வாசலுக்குப் போங்கள்.

போன கிழமை அவன் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது, "போட்டு வாறன்" என்று தமிழிலேயே சொன்னேன். லிப்ட் கதவு மூடும்வரை அவன் தன் கதவைச் சாத்தவில்லை.