ராசம்மா வெட்டிய பந்துப்பூ

ராசம்மா கையில் கத்தி இருக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கக்கூடாது. கோபக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. கோபக்காரிதான், அது வேறு கதை. கத்தியைப் பிடித்துவிட்டால் அவளுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குக் கிளம்பிப் போய், தேயிலையைக் கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தோட்டத்துத் துரை தவித்த வருஷம் ஒன்று வந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கத்தியக் குடுங்க, நான் வெட்டுறேன்" என்று போய் நின்றவள் ராசம்மா. மிச்சமிருந்த நாலு ஆம்பிளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கொப்புக்கு ஒரே வீச்சு. மழைத் தண்ணீர் தேங்காமல் வழியும்படி சாய்வான வெட்டு. பட்டை கிழியாது, கொப்பு பிளக்காது. அவள் வெட்டி முடித்த மலையில் செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு மட்டமாக நிற்கும்.

ஆறு வருஷம் அப்படி வெட்டினாள். ஏழாம் வருஷம் ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லோரும் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, கங்காணி லிங்கம் சும்மா இருக்க முடியாமல் வாயை விட்டார்.

"என்னதான் சொல்லு, பொம்பள வெட்டுன நெர கொஞ்சம் கோணல்தான்."

"கோணல் நெரையில இல்ல கங்காணி, ஒங்க கண்ணுல. இனிமே இந்தப் பெரட்டுக்களத்துப் பக்கம் தலவெச்சும் படுக்க மாட்டேன், போங்க!"

சொன்னதோடு நிற்காமல் விடுவிடென்று வீட்டுக்கும் வந்துவிட்டாள். புருஷன் புவனேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அசையவில்லை. பத்தாம் நாள் பதுளை டவுனுக்கு மேலே, துணிக்கடைக்காரர் வீட்டில் தோட்ட வேலை கிடைத்தது. அந்த வீட்டு அம்மா றஷீதா. முஸ்லிம் வீட்டு வழக்கப்படி, அக்கா என்ற அர்த்தத்தில், ராசம்மா அவளை ராத்தா என்று கூப்பிடுவாள்.

அந்த வேலையில் ராசம்மாவுக்குக் கொள்ளைப் பிரியம். மழைக்கு ஒதுங்க இடம் உண்டு, பத்து மணிக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ உண்டு, நிரை கோணல் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ரோஜா, செவ்வரத்தை, போகன்விலா என்று வீட்டைச் சுற்றிப் பூமரங்கள். கேட்டிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் ஹைட்ரேஞ்சியா. அந்தப் பெயர் ராசம்மாவின் வாயில் நுழையவில்லை. பூ பந்து பந்தாக இருந்ததால் பந்துப்பூ என்று வைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மகள் ஸல்மாவின் கலியாணத்துக்குத் துணி எடுக்க றஷீதா கொழும்புக்குப் புறப்பட்டாள். கலியாணம் நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள். போகிற அவசரத்தில் காருக்குள் இருந்தபடியே சொன்னாள்.

"தோட்டம் காடா மண்டிக் கெடக்கு ராசம்மா. நான் வாரதுக்குள்ள நல்லா வெட்டி உடுங்க."

நல்லா வெட்டிவிடு என்றால் ராசம்மாவுக்குத் தெரிந்த வெட்டு ஒன்றே ஒன்றுதான். இரண்டே நாளில் ரோஜா, செவ்வரத்தை, போகன்விலா, பந்துப்பூ என்று வித்தியாசமே பார்க்காமல் அத்தனையையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டாள். எல்லாம் ஒரே மட்டம். தண்டுகளில் படிந்திருந்த பாசியைக்கூடச் சுரண்டி எடுத்தாள். சாயங்காலம் ராசம்மா குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து வடிவம்மா, நிரோஜா என்று பத்துப் பெண்கள் வந்து, வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுப்புக்குத் தூக்கிப் போனார்கள். கவ்வாத்து மிலாறு தூக்கிப் போகிறவளுக்குச் சொந்தம். தேயிலைத் தோட்டத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் றஷீதா காரை விட்டு இறங்கினாள். கேட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். நடுவில் வெறும் குச்சி.

"யா அல்லாஹ்! என்ன வேல செஞ்சி வெச்சீக்கிறீங்க? இது என்ன தேயில மலையா? பூவுக்கு நடுவால பொண்ணு நடந்து வரணும்னுதானே இதையெல்லாம் வளத்தேன்!"

"பயப்படாதீங்க ராத்தா. தொண்ணூறு நாள்ல பாருங்க, எப்புடித் தளுத்து வருதுன்னு."

"பூக்கணும். பெருநாளைக்குப் பொறகும் இப்பிடியே நிண்டா, நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

ராசம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தேயிலையையே தளிர்க்க வைத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

முதலில் எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. ரோஜா தளிர்த்துப் பூத்தது. செவ்வரத்தை பூத்தது. போகன்விலா கூரைவரை ஏறிக்கொண்டு ஆர்ப்பாட்டம் பண்ணியது. பந்துப்பூ மட்டும் இலை விட்டது. பிறகு இன்னும் இலை விட்டது. உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று வாட்டசாட்டமான இலை. மொட்டு மட்டும் இல்லை.

"ஏன்டி, ஒனக்கு என்ன கொறச்சல்? சாணி போடலையா, தண்ணி ஊத்தலையா?" என்று செடிகளைப் பிடித்துத் திட்டினாள். நோன்பும் பிறந்துவிட்டது. றஷீதா தினமும் கேட்டுக்குப் போவாள், இலையைப் புரட்டிப் பார்ப்பாள், உள்ளே போவாள். அவள் திட்டியிருந்தால்கூட ராசம்மாவுக்குப் பரவாயில்லை. இந்த வேலை போனால் லிங்கம் கங்காணி முன்னால் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து லயத்துப் படி ஏறிக்கொண்டிருந்தவளை வடிவம்மா கூப்பிட்டாள்.

"இங்க வாடி, ஒன்னோட மிலாறு பண்ணியிருக்கற வேலையப் பாரு!"

அந்தப் பந்துப்பூக் குச்சி பச்சையாக இருந்ததால் அடுப்பில் எரியாமல் புகைந்திருக்கிறது. எரியாத குச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று, கோழி வராமலிருக்க வாசலில் ஆளுக்குக் கொஞ்சம் ஊன்றியிருக்கிறார்கள். பெயின்ட் வாளியில் தேயிலை மலை மண்ணைப் போட்டு அதில் நட்டவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் எல்லாம் வேர் பிடித்துக்கொண்டன. குச்சி வேர்விட்டதை ராசம்மாவும் போகவரப் பார்த்தவள்தான். தன் கவலையில் அதற்குமேல் கவனிக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தால், பழைய குச்சியின் நுனியில் மொட்டு. ஒரு வாளி, இரண்டு வாளி இல்லை, லயத்து நீளத்துக்கு மொட்டு. சிலது விரியவும் தொடங்கியிருந்தது.

ராசம்மா அங்கேயே குந்திவிட்டாள். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. தேயிலைக்கு வேண்டியது புதுத் தளிர். இந்தச் செடி போன வருஷத்துக் கொப்பில்தான் பூவை வைத்திருக்கிறது. அந்தக் கொப்பைத்தான் அவள் ஒரே வீச்சில் வெட்டி, கட்டுக்கட்டி, அடுப்புக்கு அனுப்பியிருக்கிறாள்.

"ஐயோ, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!" என்றாள்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு, விடிந்ததும் போய் றஷீதாவிடம் சொன்னாள். "தப்பு என்னோடது ராத்தா. பூவ வெட்டுனவ நான். நம்ம வீட்டுச் செடி இந்த வருஷம் பூக்காது. ஆனா வெட்டுனது லயத்துல பூத்து நிக்குது."

றஷீதா அப்போதே எழுந்தாள். மகளை இழுத்துக்கொண்டு ஒரு த்ரீவீலர் பிடித்து லயத்துக்கு வந்தாள். முதலில் இறங்கியது ஸல்மா.

"உம்மா! நீலம்!"

டவுன் வீட்டில் அந்தப் பூ எப்போதும் ரோஸ்தான் பூக்கும். சுண்ணாம்பும் சீமெந்தும் விழுந்த மண் அப்படி. மலை மண்ணின் புளிப்புக்கு இங்கே நல்ல நீலமாக விரிந்திருந்தது. கலியாணப் பெண் வாளிக்கு வாளி ஓடினாள். றஷீதா கைப்பையைத் திறந்தாள்.

"எல்லா வாளியையும் நான் எடுக்கிறேன். வெல சொல்லுங்க."

வடிவம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "கலியாண வீட்டுக்குப் பூவ வித்தோம்னு எங்களுக்குப் பேரு வேணாம்மா. கூப்புட்டீங்கன்னா நாங்களே தூக்கிட்டு வாறோம்."

றஷீதாவுக்கு முகம் சிவந்துபோனது. பையை மூடினாள். மறுநாளே ராசம்மாவையும் சேர்த்துப் பதினொரு வீட்டுக்கும் கலியாணக் கார்டு வந்தது.

கலியாணத்தன்று தோட்டத்து ட்ராக்டரில் நாற்பது வாளி இறங்கியது. கேட்டிலிருந்து வாசல்வரை நீலம். பார்த்தவர்கள் எல்லாம் ஃபோனைத் தூக்கினார்கள். பட்டுச் சேலை கட்டிய பதினொரு பெண்களையும் பெண்கள் பந்தலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ராசம்மாவுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. வேலையைப் பற்றி றஷீதா இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. இது கடைசிச் சாப்பாடோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடு வந்தது. சகன் சாப்பாடு, பெரிய தட்டில் சோறு, இறைச்சி, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர். முதல் தட்டில் ஆறு பேர் உட்கார்ந்தாயிற்று. இரண்டாவதில் ஐந்து பேர்தான். ஆள் குறைந்தால் தட்டைத் தொடக்கூடாதோ என்று நிரோஜா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கலியாணப் பெண்ணின் தாய் என்றால் பந்தி முடியும்வரை உட்காராமல் ஓடவேண்டியவள். றஷீதா தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டு வந்து, ராசம்மா பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இப்போது ஆறு பேர். பெரிய இறைச்சித் துண்டாக ஒன்றைப் பிய்த்து ராசம்மா பக்கம் தள்ளினாள்.

"நாளைக்கு ஏழரைக்கே வந்திருங்க. ரோசாவுல காஞ்ச பூ நெறஞ்சு கெடக்கு, வெட்டணும். ரோசா மட்டும் ராசம்மா. ரோசா மட்டும்."

ராசம்மாவுக்கு வாய் நிறையச் சோறு, கண் நிறையத் தண்ணீர். சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.