கோட்டைக் கரையில் விட்ட செருப்புகள்

விருந்தாளி வந்தால் திண்டிவனத்துக்காரர்கள் பாடு இதுதான்: பெருமுக்கல் மலை, மரக்காணம் உப்பளம், ஆலம்பரைக் கோட்டை. இம்முறை என் நாத்தனார் குடும்பம். கோட்டைக்கு வருவதற்குள் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அங்கே கழிமுகத்தில் முழங்காலளவே தண்ணீர். செருப்புகளைக் கரையில் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு எதிரே இருந்த மணல்திட்டுக்கு நடந்தே போனோம். அலையில் ஆடிவிட்டுத் திரும்பும்போது நாத்தனார் நின்றுவிட்டாள்.

“அண்ணி, அதோ மிதக்குறது நம்ம செருப்புங்கதானே?”

தண்ணீர் ஏறியிருந்தது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பளவு வந்து இழுத்தது. நாங்கள் கத்தியதில் மீன்படகு ஒன்று திரும்பியது.

“ஜல்தி ஏறுங்கம்மா! தண்ணி ஏறுற நேரத்துல புள்ளைங்கள இட்டுக்கினு வருவாங்களா?” என்று திட்டிக்கொண்டே ஏற்றினார் படகுக்காரர்.

விருந்தாளிகள் இன்னும் வருகிறார்கள். நானும் அலுப்போடு கூட்டிப்போகிறேன். ஆனால் படகுக்காரர்களிடம் தண்ணீர் நிலவரம் கேட்காமல் ஒருவரையும் செருப்பைக் கழற்ற விடுவதில்லை.