துணி போட்டு மூடுன வேன்

இல்ல பிரதர், நான் வேன் சாவிய எடுத்து வெச்சதாலதான் சரோஜா ஆண்ட்டி செத்தாங்கன்னு சபை வாட்சப் குரூப்ல போட்டீங்கல்ல, அத அழிக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும். ஆனா பாதிதான் எழுதியிருக்கீங்க. மீதிய நான் எழுதறேன்.

வண்டி ஓடுனா டிரைவர் கெட்டிக்காரர், அதுவும் மிஷன் வண்டின்னா கர்த்தர் கிருபை, நின்னுபோனா மட்டும்தான் மெக்கானிக் எவன்னு தேடுவாங்க. ஸ்பேனர் பிடிச்சுத் திட்டு வாங்குன எல்லாருக்கும் இது தெரியும். நான் போலிடெக்னிக்ல ஆட்டோமோட்டிவ் படிக்கிறவ. செமஸ்டர் லீவுல ஜொகூர் ரெங்கத்துல இந்த வெளிநாட்டு மிஷனோட ஷெட்டுல வேலைக்குச் சேந்தேன். எஸ்டேட்ல இருக்கற கிட்னி நோயாளிங்கள குளுவாங் டவுனுக்கு டயாலிசிஸ் பண்ணக் கூட்டிட்டுப் போற வேனைப் பாத்துக்கணும். அவ்வளவுதான் என் வேலை.

மூணு மிதி

தெனம் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் பானெட்டு மேல கைய வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. நானும் வெப்பேன், நானும் விசுவாசிதான். ஆனா எனக்குக் கைய விட கால் மேல நம்பிக்கை. ஏறி உக்காந்து பிரேக்க மிதிச்சா, பெடல் மெதுவா கீழ எறங்குது. பிரேக் பம்ப் உள்ள தேஞ்சு போச்சு. டிரைவர் தேவா அங்கிள்கிட்ட சொன்னேன், இத ஓட்டாதீங்கன்னு. அவரு சிரிச்சுட்டாரு.

"மூணு தடவ மிதிச்சா பிடிக்கும்லா. ஒரே மிதியில பிடிக்கணும்னா நீ சிங்கப்பூர்ல போய் வேலை செய்யி தங்கச்சி."

வெளிநாட்டுப் பொட்டி

அது வெளிநாட்டுச் சபை கப்பல்ல அனுப்புன பழைய வேன். இந்த மாடல் இங்க விக்கறதே இல்ல. ஆயர் ஈத்தாம் போனேன், யோங் பெங் போனேன், பம்ப் எங்கயும் கெடைக்கல. சரின்னு பாஸ்டர அந்தச் சபைக்கே எழுதச் சொன்னோம். ரொம்ப நாள் கழிச்சு ஒரு பெரிய பொட்டி வந்துச்சு. பாஸ்டர் ஸ்தோத்திரம் சொல்லித் தொறந்தாரு. உள்ள கட்டு கட்டா இரும்புச் சங்கிலி. பனியில சக்கரம் வழுக்காம இருக்க டயர்ல சுத்தறது. ஜொகூர்ல! பம்ப் இல்ல.

வேற எதுக்காவது மாத்திக்கலாமான்னு யோங் பெங் பார்ட்ஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடை மொதலாளி தவுக்கே சங்கிலியத் தூக்கிப் பாத்தாரு, வெளிய அடிக்கற வெயிலயும் பாத்தாரு.

"அலமாக், இங்க பனி பேஞ்சா மொத போன் உனக்குத்தான்."

மீட்டர்

இப்ப ஷெட்டுல நின்ன இன்னொரு வேனுக்கு வரேன். புத்தம் புதுசு. இங்கயே வாங்குனது. வெளிநாட்டுல ஒரு குடும்பம் அவங்க அப்பா ஞாபகமா குடுத்தது. கதவுல அவரு பேரு பெயிண்ட் அடிச்சிருக்கு. மேல துணி போட்டு மூடி வெச்சிருக்கோம். வாரா வாரம் அந்தத் துணியத் தொவைக்கறதும் நான்தான். ரோட்டுல போற வேனுக்குப் பிரேக் இல்ல, நிக்கற வேனுக்குச் சோப்புத் தண்ணி.

பழையத ஓரங்கட்டிட்டு இத எடுக்கலாம் பாஸ்டர்னு கேட்டேன். மனுசன் என் மொகத்தப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டே உங்களப் பத்திச் சொன்னாரு.

"எனக்கு ஆட்சேபனை இல்லம்மா. குடுத்தவங்க வந்து பிரதிஷ்டை பண்ணி மொத சவாரி போற வரைக்கும் மீட்டர் ஏறக்கூடாதுன்னு பிரதர்தான் வாக்குக் குடுத்திருக்காரு, சாவியும் அவருகிட்டதான்."

தண்ணி

அந்தத் திங்கக்கிழமை காலையில ஷெட்டு வாசல்லயே ஓட்டிப் பாத்தேன். மூணு மிதி இல்ல, பத்து மிதிச்சும் பெடல் தரையிலதான். தண்ணித் தொட்டியில இடிச்சுத்தான் வண்டி நின்னுச்சு. உள்ள நோயாளிங்க இருந்து, முன்னால பனங்கொட்டை லாரி போயிருந்தா? சாவிய உருவிப் பாக்கெட்டுல போட்டேன். இன்னைக்குக் கேட்டாலும் அதான் செய்வேன்.

உடனே உங்களுக்குத்தான் போன் பண்ணேன் பிரதர், புது வேன் சாவிக்கு. நீங்க போன எடுத்தீங்க, சாவி மட்டும் குடுக்கல. என்ன சொன்னீங்கன்னு நான் எழுதப் போறதில்ல. அது உங்க வாயாலயே வரட்டும்.

மத்த நோயாளிங்களுக்கு வீட்டுல கார் இருந்துச்சு, மகன் இருந்தான், மருமகன் இருந்தான். சரோஜா ஆண்ட்டிக்கு ஒரே மகன், சேகர் அண்ணன். சிங்கப்பூர்ல வேலை, வாரக் கடைசியிலதான் வருவாரு. எஸ்டேட் உள்ளார கிராப் டாக்சி கூப்பிட்டா வராது. தேவா அங்கிள் தெரிஞ்சவங்கள எல்லாம் கேட்டுப் பாத்தாரு. ஆண்ட்டி சிம்பாங் முச்சந்தியில பையோட நிக்கறாங்க. நான்தான் போன்ல சொன்னேன், வேன் வராதுன்னு. ஒரு வார்த்த திட்டல.

"பரவால்லம்மா, நான் தண்ணி கொறச்சுக் குடிச்சுக்கறேன். நீ வண்டியப் பாரு."

மறுநாள் உடம்புல தண்ணி கோத்து மூச்சுத் தெணறுச்சு. ஆம்புலன்ஸ் எஸ்டேட்டுக்குள்ள வந்து சேரும்போது உயிர் இல்ல.

மகன்

சாவுக்குச் சபை நாற்காலி வேணும்னு சேகர் அண்ணன் ஷெட்டுக்கு வந்தாரு. கண்ணு செவந்து கெடந்துச்சு, ஆனா அழுவல. நான் நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தேன். அவரு துணியோட ஓரத்தத் தூக்கிப் பாத்தாரு. சீட்டுல பிளாஸ்டிக் கூடப் பிரிக்கல. கதவப் பிடிச்சுக்கிட்டே என்னப் பாத்துக் கேட்டாரு.

"இது ஓடற வண்டிதானே?"

ஆமாண்ணேன்னு சொன்னேன்.

இந்த ஷெட்டுல வேலை செஞ்சதுல நான் பாத்தது இதுதான்: ஆள ஏத்த முடியாத வேனுக்குத் தெனம் ஜெபம், ஏத்த முடிஞ்ச வேனுக்குத் துணி.

வர்ற ஞாயித்துக்கிழமை பிரதிஷ்டை. குடுத்தவங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க, சேகர் அண்ணனும் வர்றேன்னுட்டாரு. மைக் உங்க கையிலதான் இருக்கும் பிரதர். அன்னைக்குக் காலையில போன்ல என்கிட்ட சொன்னத, அவங்க எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க.