பச்சை முத்திரை

பெரிய நிறுவனங்கள் பிட்காயினைக் கைமாற்றியதாக வரும் செய்திகள் உண்மையா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. குண்டசாலை வீட்டிலிருந்தே ஒரு கொழும்புச் செய்தித் தளத்துக்குச் செய்கிறேன். காசு எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். கணக்கு யாருடையது என்பதுதான் தெரியாது. அந்த ஓட்டைக்குள்தான் புளுகர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

அன்றைய புளுகு: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பிட்காயினை அள்ளி வாங்கிவிட்டதாம், விலை எகிறப்போகிறதாம். தோண்டிப் பார்த்தேன். அனுப்பிய கணக்கும் வாங்கிய கணக்கும் முன்பு ஒரே கொடுப்பனவில் ஒன்றாகச் சேர்ந்தே செலவு செய்திருந்தன. அப்படியென்றால் இரண்டுக்கும் சாவி ஒரே ஆளிடம். ஓர் அலுமாரி நகையை அடுத்த அலுமாரியில் வைத்ததற்கு இவ்வளவு கூத்து. "யாரும் வாங்கவில்லை, போட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி கெலிஓயாவிலிருந்து போனில் அழுதாள்.

"அண்ணா, நீங்க சொன்னீங்கன்னு அவரு த்ரீவீலர வித்து பிட்காயின் வாங்கிட்டாரு!"

அந்த த்ரீவீலர் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஓடினேன். மச்சான் போனை நீட்டினார். எங்கள் தளத்தில் அதே புளுகு. அதன் தலையில் பச்சை முத்திரை: சரிபார்க்கப்பட்டது.

"நீங்கதானே மச்சான் பாக்குறது? அந்தப் பச்சையப் பாத்துத்தான் நம்புனேன்."

எனக்கு உச்சி எரிந்தது. அவர் முன்னாலேயே செய்தி ஆசிரியரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் வேண்டாம்னு எழுதினேனே, என்னத்துக்குப் போட்டீங்க?"

"பார்க்க அனுப்பினோம், பார்த்தீங்க. உங்ககிட்ட போய் வந்த எல்லாத்துக்கும் பச்சை போடுறதுதானே வழக்கம்? பொய்யின்னு சொல்ல நம்மகிட்ட முத்திரை இல்லையே."

கூசாமல் சொன்னான். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

மச்சானிடமும் பாய்ந்தேன். "விக்கிறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீங்க பொய்யின்னு கண்டப்ப எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்றார். பிட்காயின் விலை அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது.

ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த கதிரையை எட்டி உதைத்தேன். தங்கச்சி வந்து அதை நிமிர்த்தி வைத்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.