நெற்றியில் ஒரு கட்டம்

"அண்ணே... என் நெத்திய ஏண்ணே அழிச்சீங்க?"

போன செவ்வாய்க்கிழமை காலை, ஈப்போ மார்க்கெட்டில் நான் தவ்கே என்கிற முளைப்பயறு மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு போன். அறிமுகமில்லாத பெண் குரல். ஒரு முறை அழுது முடித்து, அடுத்த முறைக்குத் தயாராகிற குரல்.

கையிலிருந்த மூட்டை நழுவிக் காலில் விழுந்தது. நல்லவேளை, ஏற்கெனவே விரல்கள் இல்லாத கால்.

அந்த விரல்கள் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் போனவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். ரப்பர் பால்மரம் சீவினேன். சித்தியவானில் மீன் படகில் போனேன். கமுந்திங் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். கடைசியில் அந்தக் கப்பல் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டு வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பக்கத்துப் படுக்கைச் சீனர் ஒருவர், கட்டம் கட்டமான துணியில் ஊசியால் குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகளாகப் போட்டு ஒரு மீனை வரவழைத்துக்கொண்டிருந்தார். கிராஸ் ஸ்டிச். ஓரிடத்தில் நிற்காத என்னை உட்கார வைத்தது அதுதான்.

இப்போது தைப்பதைவிடப் படம் வடிவமைப்பதில்தான் பைத்தியம். சரக்கு இறங்கும்வரை லோரியில் சும்மாதானே இருக்கிறேன்? போனில் ஓர் ஆப்பில் ஒவ்வொரு கட்டமாக நிறம் வைப்பேன். எந்தக் கட்டத்தில் எந்த நூல் என்று காட்டும் அந்த வரைபடத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். முடிந்ததும் எங்கள் கிராஸ் ஸ்டிச் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தைக்கலாம்.

"எந்த நெத்திம்மா?" என்றேன்.

"அதாண்ணே, மாப்பிள்ளையும் பொண்ணும் மாலை போட்டு நிக்கிற படம். பொண்ணுக்குப் பொட்டே இல்லண்ணே!"

சே, அப்படி இருக்காது. நானே வைத்த பொட்டு. மயில்கழுத்து நிறப் புடவை, மல்லிகை மாலை, நெற்றியில் ஒரே ஒரு கட்டம் சிவப்பு. படம் முழுவதற்கும் சிவப்பு அந்த ஒரு இடத்தில்தான். போனைத் திறந்து, விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இல்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "இத்தனை நிறத்துக்கு நாங்க எங்கண்ணே போறது, எங்க ஊர் கடையில கிடைக்கலலா" என்று குழுவில் எல்லோரும் புலம்பினார்கள். சரியென்று, நிறங்களைக் குறைக்கும் பட்டனைத் தட்டினேன். அந்த ஆப்புக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு கட்டத்துக்காக ஒரு நூல் எதற்கு என்று நினைத்திருக்கும். சிவப்பைத் தூக்கிவிட்டு முகத்தின் மாநிறத்திலேயே கரைத்துவிட்டது. சுமங்கலியாவது, பொட்டாவது... அதற்கு எல்லாம் கட்டம்தான்.

போன் செய்தவர் பெயர் செல்வராணி. ஊர் சிலிம் ரிவர். கணவர் குமரேசனுக்கு இருதய ஆப்பரேஷன். வார்டுக்கு வெளியே காத்திருந்த நேரமெல்லாம் இந்தப் படத்தைத் தைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு வரும்போது கட்டிலுக்கு எதிரே மாட்டி வைப்பதாக வாக்கும் கொடுத்திருக்கிறார்.

"தைக்கும்போதே தெரியலையாம்மா?"

"எப்படிண்ணே தெரியும்? கண்ணு, புருவம் எல்லாம் கடைசியிலதானே போடுறோம். அதுவரைக்கும் அது வெறும் மாநிறத் துணி. நேத்து கண்ணு வச்சேன். நிமிர்ந்து என்னையே பாக்குது... வெறும் நெத்தியோட."

அடுத்து அதைப் பார்த்தவர் குமரேசனின் அக்கா. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாராம். "என் தம்பி அங்க நெஞ்சைப் பொளந்து படுத்திருக்கான், நீ இங்க உன் கையாலேயே பொட்ட எடுத்துட்டு உக்காந்திருக்கியா?"

"நீயே ஒரு சிவப்பு வச்சிரேம்மா" என்றேன்.

"அவரோட அக்கா அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் கை வரலண்ணே. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நாந்தானே..."

போனை வைத்துவிட்டார்.

நான் குழுவில் பழைய படங்களைத் தேடினேன். இதே ஜோடியை எத்தனையோ பேர் தைத்துப் போட்டிருந்தார்கள். நானும் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு நெற்றியாகப் பெரிதாக்கினேன்.

தூக்கிவாரிப் போட்டது.

எல்லோருக்கும் பொட்டு இருக்கிறது! கமுந்திங் பெண் நிஜ ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டியிருக்கிறார். ஈப்போ சீன ஆன்ட்டி நாலு கட்டத்துக்குப் பெரிதாகச் சிவப்பு வைத்திருக்கிறார். சித்தியவானில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாண வம்சாவளி, அழகாக ஒரு சிவப்பு மணியைக் கோத்திருக்கிறார். கீழே எல்லோரும் எனக்கு எழுதியிருப்பது ஒன்றுதான்: "சூப்பர்ண்ணே!"

கமுந்திங் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, பொட்டு இல்லன்னு சொல்லலையே?"

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கண்ணே. நாங்களே வச்சுக்கிட்டோம்லா."

மனசு கஷ்டம்! ஆக, தப்பு எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நம் ஆட்கள் இப்படித்தான். கல்யாண வீட்டில் குழம்பில் உப்பில்லை என்றால் கமுக்கமாக ஊறுகாயை இழுத்துக்கொண்டு, சமையல்காரரிடம் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருகிற கூட்டம். கடைசியில் யார் மாட்டிக்கொள்வது? நாம் போட்டதை அப்படியே நம்பித் தைத்த ஒரு செல்வராணி.

சரக்கை இறக்கிவிட்டு, குழுவில் ஒருவரிடம் விலாசம் கேட்டு, ஒரு சிவப்பு நூல்கண்டு வாங்கிக்கொண்டு நேரே சிலிம் ரிவருக்கு வண்டியை விட்டேன். பொட்டை நான் வைப்பதா, அக்காவின் காலில் விழுவதா? ஒரு திட்டமும் இல்லை.

வீட்டு வாசலில் குமரேசனின் அக்கா நின்றார். பேட்டர்ன் போட்டவன் என்று சொன்னேன். "நீங்கதானா அந்த ஆளு?"

"ஆமாங்க்கா. பொட்டு விஷயமா வந்தேன். அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணிரலாம்."

அக்காவின் முகம் வெளுத்தது. செல்வராணி கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்:

"என்ன பொட்டு?"

குமரேசன் அன்று காலையே வீட்டுக்கு வந்துவிட்டார். துணியை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, இருவரும் மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார்கள். நான் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

இனி மறைத்து என்ன செய்வது? துணி வந்தது. குமரேசன் ஆள் பாதியாக இளைத்து, நெஞ்சோடு ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சினார். செல்வராணி அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அதில்தான் எனக்குப் பழக்கம் அதிகம்.

"ஏன் ராணி, இந்த ஆளுக்கு மீசை இருக்கே?"

யாருக்கும் புரியவில்லை.

"எனக்கு என்னைக்காச்சும் மீசை இருந்துச்சா? நீ தச்சதால எனக்கு மீசை முளைச்சுச்சா? முளைக்கலல்ல? அப்ப பொட்டு இல்லன்னா மட்டும் நா எப்படிப் போவேன்?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். உடனே தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். "ஐயோ... சிரிக்க வைக்காதீங்கலா. டாக்டர் போட்ட தையல் பிரிஞ்சிரும்."

நாங்களா சிரிக்க வைத்தோம்?

"அக்கா, அழாதக்கா. அண்ணே, அந்த நூலக் குடுங்க."

ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தேன். அவரே ஊசியை வாங்கிக் குத்தினார். ஒரு குறுக்குக் கோடு. அதன்மேல் எதிர்க் கோடு. பொட்டு வந்துவிட்டது.

செல்வராணி குனிந்து பார்த்தார். "ஐயையோ! ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டீங்க!"

"கல்யாணத்தன்னிக்கும் தள்ளித்தான் வச்சேன். யாரு பார்த்தா?"

"நா பார்த்தேன்."

அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பிரித்துச் சரியாகப் போட்டுவிடலாம் என்று நான் கத்தரிக்கோலை எடுத்தேன். செல்வராணி துணியைப் பிடுங்கிக்கொண்டார். "தொடாதீங்கண்ணே!"

கட்டிலுக்கு எதிரே அதை மாட்ட, ஆணியைத் தேடி எடுத்து வந்தது அக்காதான்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, பேட்டர்னைத் திருத்தினேன். பொட்டை நடுவில் வைக்கத்தான் விரல் போனது. மனசு வரவில்லை. குமரேசன் வைத்த கட்டத்திலேயே வைத்துக் குழுவில் போட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சித்தியவான் ஆசிரியையிடமிருந்து பதில்: "தம்பி, பொட்டு ஒரு கட்டம் தள்ளி இருக்கிறது. கவனிக்கவும்."

அடேயப்பா! இப்போதுதான் வாய் திறக்கிறார்கள்... அதுவும் தப்பே இல்லாத இடத்தில்!